நெஸ்டரின் வெந்நீர்த் தொட்டியை லூபா காப்பாற்றிய விவரம்

யார்க்டன் அருகே, கனடா,
ஜனவரித் தொடக்கம்

மரியாதைக்குரிய மைத்துனர் நெஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை லூபாவின் கணவனும், நீங்கள் அரிசோனாவில் இருக்கும்வரை உங்கள் கொல்லைப்புறத்துக்குக் காவலாளியுமான வால்ட்டர், பனிக்குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். என் மூக்கு மட்டும் இன்னும் முழுசாக உணர்வுக்கு வரவில்லை. நீங்களும் இர்கா அக்காவும் அங்கே வெயிலில் கறுத்துக் களையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புயல் செய்தி கேட்டுப் பதறியிருப்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொல்லையில் கரண்டில் சூடாகும் உங்கள் குளியல் தொட்டி பிழைத்துவிட்டது. "ஜனவரி ஏழுல நம்ம உக்ரைன் கிறிஸ்துமசுக்கு வந்து இறங்கும்போது தண்ணி சுடச்சுட இருக்கணும், அதுல முக்கினாத்தான் இர்காவுக்கு விரல் மடங்குது" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது லூபாவின் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது, அன்றுமுதல் அவள் அந்தத் தொட்டியைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காற்று மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. நான் சாலையைத் தாண்டி உங்கள் வீட்டுக்கு ஓடினேன், தொட்டியின் உறுமல் நின்றிருந்தது, தண்ணீர் எப்படி இருக்கிறதோ என்று மூடியைத் தூக்கினேன், ஆவி வந்து என் கண்ணாடியில் படிந்தது, படிந்தது அப்படியே பனிக்கட்டியாகிவிட்டது, ஒன்றும் தெரியாமல் நான் உங்கள் பறவைக்கூண்டுக் கம்பத்தில் போய் முட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில் லூபா வந்து சேர்ந்தாள்.

"மூடுய்யா அதை! அடுப்புல கேக்கை வச்சிட்டுத் தொறந்து தொறந்து பாக்குற மாதிரி! நீ எட்டிப் பாக்கப் பாக்க எங்க அண்ணன் வீட்டுச் சூடு ஆகாசத்துக்குப் போகுது."

உதவும் எண்ணத்தில்தான் நான் சொன்னேன்: "ரோட்டுக்குப் போடுற உப்பு இருக்கே லூபா, ஒரு மூட்டை கொட்டிட்டா உறையாதுல்ல?"

"எங்க அண்ணியை என்ன வெள்ளரிக்காய்னு நெனச்சியா, ஊறுகாய் போட?"

அதற்குப் பிறகு நான் யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன். அவள் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். "இவ்வளவு தண்ணி லேசுல உறையாது. மொதல்ல போறது பக்கப் பலகைக்குள்ள இருக்கிற பம்பும் குழாயும்தான். நமக்கும் விரல் நுனிதானே மொதல்ல மரத்துப்போகுது?" என்றாள். எனக்கு அப்போது மரத்துப்போயிருந்தது விரல் நுனி மட்டுமல்ல, ஆனால் அவள் சொன்னது சரிதான்.

பக்கத்துப் பண்ணை டுவெய்னிடம் வைக்கோல் கட்டுகள் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "என் மாடுங்களுக்குப் படுக்கை வேணாமா லூபா?"

"உன் மாடுங்க ஒன்னை ஒன்னு ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கும். இந்தத் தொட்டி யாரை ஒட்டிக்கிட்டுப் படுக்கும், சொல்லு?"

டுவெய்ன் டிராக்டரை எடுத்தான். காற்று அடிக்கும் பக்கத்தில் வைக்கோல் சுவர், மூடிக்கு மேல் மெத்தைவிரிப்புகள், அதற்கு மேல் நீங்கள் வேட்டைக்கு எடுத்துப்போகும் ஸ்லீப்பிங் பேக், அதற்கும் மேல் (அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்) முன்னறைக் கம்பளம், எல்லாவற்றையும் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டு இறுக்கினாள். மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கோட்டு நுனியும் உள்ளே போய்விட்டது. கயிற்றை அவிழ்ப்பாள் என்று நின்றேன். அவள் கத்தரியை எடுத்துக் கோட்டை வெட்டினாள். "கோட்டு வேற வாங்கிக்கலாம். இந்த மாதிரி முடிச்சு மறுபடி விழாது."

பிறகு உங்கள் வீட்டு விறகடுப்புப் பக்கத்திலேயே குடியேறினோம். பால் கேன்களில் வெந்நீர் நிரப்பிப் பம்பு இருக்கும் இடத்தில் அடுக்குவது, ஆறியதை எடுத்து வருவது, மறுபடி நிரப்புவது, இதுதான் பிழைப்பு. பசிக்கு உங்கள் ஃப்ரீஸரில் இருந்த பெரோகிக் கொழுக்கட்டைகள்.

மறுநாள் காலையிலும் மின்சாரம் வரவில்லை. விறகு அடியைத் தொட்டது. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "தண்ணியைத் திறந்து விட்டுடலாம், லூபா. தொட்டியாவது மிஞ்சும்" என்றேன்.

"குழாய் வளைவுல தங்குற தண்ணியை ஊதி வெளிய தள்ள மிஷினுக்குக் கரண்ட் எங்க? அது உறைஞ்சு வெடிச்சா? அண்ணி வந்து கையை எதுல வைப்பாங்க?" என்றவள், கையுறையைக் கழற்றிப் பலகைக்குள் கைவிட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். நோயாளியின் நெற்றியைத் தொடுவது போலத்தான் இருந்தது. "இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. நாற்காலியை உடை" என்றாள். உடைத்தேன். (அதுவும் உங்களுடையதுதான்.)

மதியத்துக்கு மேல் விளக்கு எரிந்தது. பம்பு இருமியது, நின்றது, மறுபடி இருமி ஓடத் தொடங்கியது. மூடியைத் திறந்தபோது, மச்சான், குளிக்கும் சூடு இன்னும் மிச்சம் இருந்தது! லூபா வைக்கோல் மேல் உட்கார்ந்து அழுதாள், அழுத கண்ணீர் இமையிலேயே உறைந்து கண் ஒட்டிக்கொண்டது, நான் ஊதி ஊதிப் பிரித்தேன், இருவரும் சிரித்த சிரிப்பில் டுவெய்ன் மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டான். இத்தனை வருடம் இவளோடு வாழ்ந்தும் இவள் யாரென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதையும் கோட்டை விடாத பெண்ணை எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் குடும்பம் நீடூழி வாழ வேண்டும்.

அக்காவின் விரல்களுக்கு எங்கள் அன்பு. பத்திரமாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
அரைக் கோட்டுடன்,
வால்ட்டர் கோஸ்டியுக்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் தபால்தலை எடுக்க எங்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரும் மின்சாரத்தில் ஓடுவதுதான் என்பது இருவருக்கும் நினைவுக்கு வரவே இல்லை. சமையலறைக் குழாய் வெடித்து, வரவேற்பறையில் இப்போது ஸ்கேட்டிங் பழகலாம். ஆகவே நீங்கள் வரும்போது உங்கள் வீட்டில் நாங்கள்தான் இருப்போம், அநேகமாக வசந்தம்வரை. லூபாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அண்ணன் தொட்டியை என்கிட்ட ஒப்படைச்சாரு, பாத்துக்கிட்டேன். நம்ம குழாயை யாராவது என்கிட்ட ஒப்படைச்சாங்களா?" என்கிறாள்.