ஏழுமலையின் கண்ணும் வளர்ச்சிக் குழுவும்

விசுவாசத்தை அளக்க முடியாது என்று இரண்டாயிரம் வருஷமாகக் கிறிஸ்தவ உலகம் ஏமாந்துகொண்டிருந்தது. 1974 ஜூலையில் கல்கத்தாவில் திரு. ஞானசிகாமணி அந்த அறியாமைக்கு ஒரு முடிவு கட்டினார்.

அவர் தமிழ்ச் சபையின் செயலாளர். சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். இருபத்தாறு வருஷமாகப் பிறருடைய பதவி உயர்வு ஃபைல்களைக் கவனித்து, பலருடைய உயர்வைக் கவனமாக நிறுத்தியும் வைத்த அனுபவசாலி. பிறருக்கு ஊழியம் செய்தால் விசுவாசம் வளரும் என்று போதகர் ஞாயிறுதோறும் பிரசங்கித்துவந்தார். எவ்வளவு ஊழியத்துக்கு எவ்வளவு வளர்ச்சி, எந்தத் தேதிக்குள் என்ற விவரம் மட்டும் பிரசங்கத்தில் இல்லை. இப்படி மொட்டையாகச் சொன்னால் ஜனங்கள் எப்படி வளர்வார்கள்? ஞானசிகாமணி மனம் பொறுக்காமல் ஒரு படிவம் தயாரித்தார். ஆறு ஊழியம் செய்தால் ஒரு 'வளர்ச்சி'. ஒவ்வொரு ஊழியத்துக்கும் எதிரே, அதைப் 'பெற்றுக்கொண்டவர்' கையெழுத்திட வேண்டும். நவம்பர் பதினேழு, அறுப்பின் பண்டிகை அன்று, வளர்ந்தவர்களுக்குச் சான்றிதழ். பன்னிரண்டு பேர் வளரச் சம்மதித்து, வளர்ச்சிக் குழு ஆனார்கள்.

ஏழைக்குத்தான் தட்டுப்பாடு. கல்கத்தாவில் ஏழைக்குத் தட்டுப்பாடா என்று சிரிக்க வேண்டாம். நடைபாதையில் கிடப்பவர்கள் எல்லாம் குழுவின் விதிகளுக்குள் வருவார்களா? தமிழ் பேச வேண்டும், இருமக் கூடாது, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும், ஞாயிறு ஆராதனை முடிந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும். சல்லடை போட்டுச் சலித்ததில் பெஹாலாவில் ஒரே ஒருவர் தேறினார்.

அவர் பெயர் ஏழுமலை. பாலிகஞ்சில் ஒரு பங்களாவில் முப்பது வருஷம் சமைத்தவர். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், சொந்தம் என்று யாரும் மிச்சமில்லை. ஒரு கண் சின்ன வயசிலேயே போய்விட்டது. மற்றதிலும் புரை விழுந்து, பாயசத்தில் உப்பைக் கொட்டினார். "கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வா, துர்கா பூஜை வரைக்கும் வேறு ஆள் வைக்க மாட்டேன்" என்று எஜமானியம்மாள் வங்காளியில் சொல்லி அனுப்பியிருந்தார்.

குழு அவர்மேல் பாய்ந்தது. ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டு மாடிப்படியில் நாலைந்து பேர் படிவத்தோடு வரிசையில் நிற்பார்கள். காலுக்கு எண்ணெய் தேய்த்தார்கள். அவருக்குக் காலில் ஒரு கோளாறும் கிடையாது. ஒருவர் தலை வாரிவிடுவார்; அடுத்தவர் அதைக் கலைத்துவிட்டு மறுபடி வாருவார். திருமதி செல்லப்பாக்கியம் சாம்பார் சாதம் ஊட்டினார்.

"உப்பு பத்தலம்மா" என்றார் ஏழுமலை.

அந்த அம்மாள் கோபத்தை விழுங்கிக்கொண்டு, 'உணவளித்தல்', 'பொறுமை' என்று இரண்டு ஊழியமாகப் பதிந்தார். ஏழுமலை காகிதத்தைத் தடவித் தடவி இரண்டு கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் கடைசியில் அவர் ஞானசிகாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, ஒரு ஒத்தாச பண்ணணும். ஆஸ்பத்திரில வர்ற செவ்வாக்கெழம கட்டில் குடுக்கறேன்னுட்டாங்க. கூட ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணுமாம். புரை முத்திப்போச்சு, பூஜைக்குள்ள எடுக்கலன்னா கண்ணே போயிடும்னு டாக்டர் சொல்றாரு."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே, ஏழுமலை."

"ஓரத்துல எழுதிக்குங்க சாமி."

ஞானசிகாமணியின் இதயம் உருகியது. ஓரத்தில் எழுதுகிறவர்களை அவர் ஆபீஸில் மன்னித்ததே இல்லை; ஏழுமலையை மன்னித்தார். அதோடு நிற்காமல் அவசரக் கூட்டமும் கூட்டினார்.

"எனக்கு இன்னும் மூணு ஊழியம் பாக்கி" என்றார் செல்லப்பாக்கியம். "கட்டு அவுத்தா கண்ணு தெரிஞ்சிரும். அவரு வேலைக்குப் போயிருவாரு. அப்புறம் நான் யாருக்குச் செய்ய?"

இன்னும் நாலு பேருக்கு அதே நிலை. போதகர் கனைத்துக்கொண்டார். "நோயாளி குணமாகிறது நல்ல காரியந்தானே?"

"யார் இல்லைன்னா, ஐயா? பண்டிகைக்கு அப்புறம் குணமாகட்டும்" என்றார் செயலாளர். சிகிச்சை நவம்பர் பதினெட்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நோய்க்கு இது தெரிவிக்கப்படவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது ஞானசிகாமணியின் மனைவி சகுந்தலா கேட்டாள். "நான் போய்க் கையெழுத்துப் போட்டா என்ன?"

"நீ குழுவுல இல்ல."

"அதனாலதான் கேக்கேன்."

"தீர்மானம் போட்டாச்சு. செயலாளர் வீட்டிலேயே அதை மீறினா சபையில யாரு மதிப்பா?"

சகுந்தலா அடங்கிப்போனாள். பூஜை வாரத்தில் ஏழுமலைக்குக் கண்வலி தாங்க முடியாமல் போய், பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஆள் அனுப்பியபோது, அவள் யாரையும் கேட்காமல் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அவளைத்தான் திட்டினார். ஒரு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். ஊழியம் செய்துகொண்டிருந்தோம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. பாலிகஞ்ச் பங்களாவில் புது ஆள் வந்துவிட்டான்.

பண்டிகை நாளில் ஏழுமலையைக் கோயிலுக்கு அழைத்துவர டாக்சியே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களில் மூன்று பேர் அதில் போனார்கள். அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, பன்னிரண்டு பேரும் சான்றிதழ் பெற்றார்கள். சகுந்தலாவுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குத்தான் கட்டமே கிடையாதே. கடைசியில் ஞானசிகாமணி முழந்தாளிட்டு, நிஜமான கண்ணீரோடு ஜெபித்தார்.

"ஆண்டவரே, அடுத்த வருஷமும் நாங்கள் வளரும்படி, இனி ஒருக்காலும் குணமாகாத ஒரு ஏழையை இந்தச் சபைக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்."

சபையார் ஆமென் சொல்லிக் கை தட்டினார்கள்.

ஏழுமலை பக்கத்தில் இருந்த சகுந்தலாவின் பக்கம் சாய்ந்தார். "இன்னாம்மா, எதுக்குத் தட்றாங்க?"

"எல்லாரும் விசுவாசத்துல வளந்துட்டாங்களாம்."

"எத்தினி பேரு?"

"பன்னெண்டு பேரு."

"அந்தச் செவ்வாக்கெழம ஒருத்தரு வந்திருந்தா போதுமேம்மா" என்றார் ஏழுமலை.