ஞானதாஸுக்கு பர்மிஷன்

மேனேஜர் சுந்தரேசன் அனுப்பியிருந்த செய்தியை ஜெனிபர் நான்காவது முறையாகப் படித்தாள். 'ஞானதாஸுக்கு பர்மிஷன் குடுத்துடு. பதினோரு மணிக்குள்ள.'

அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மனிதர் காலை ரயிலில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

விருத்தாசலத்தில் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் அந்தக் கம்பெனியில் ஆபீஸ் என்றால் ஜெனிபர் ஒருத்திதான். போன மாதம் சூளைக் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றியபோது, நிர்வாகி உரிமையையும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். மற்ற எல்லாரும் சாதாரணப் பயனர்கள். புதிதாக எதைத் தொட்டாலும் திரையில் 'பர்மிஷன் டினைடு' என்று வரும். உடனே அவளிடம் ஓடி வருவார்கள். ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூட அந்த வார்த்தைதான் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்த கௌரிசங்கர் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அந்த உரிமைய மட்டும் யாருக்கும் சும்மா தூக்கிக் குடுத்துடாதீங்க. ஒரே வரியில மொத்தத்தையும் அழிச்சிடலாம்."

சூளை ஆபரேட்டர் ஞானதாஸோ ஒற்றை விரலால் டைப் அடிப்பவர். ஒருமுறை எதையோ அமுக்கி, திரையையே தலைகீழாகத் திருப்பி வைத்தவர். அவர் கையில் முழு உரிமையா?

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் ஞானதாஸே நின்றிருந்தார்.

"மேடம், மேனேஜரு பர்மிஷன் பத்தி சொன்னாருங்களா?"

"சொன்னாருண்ணே. அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்களுக்கு இன்னைக்கு மட்டும் போதுமா, எப்பவும் வேணுமா?"

"இன்னைக்கு மட்டும் போதுங்க. அடிக்கடி கேக்குற ஆளு இல்லீங்க நானு."

"சரி, கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்."

"இப்ப இதுவும் கம்ப்யூட்டர்லதானுங்களா?" என்று பெருமூச்சு விட்டார் ஞானதாஸ்.

"எல்லாமே கம்ப்யூட்டர்லதாண்ணே. உங்கள இப்ப சூடோவுல சேக்கணும்."

"சூடா? ஆயிரத்து நூறத் தொட்டு ஏறிக்கிட்டிருக்குதுங்க."

"சூடு இல்லண்ணே, சூடோ. அதுல இருக்கறவங்கதான் இந்த மெஷின்ல எது வேணாலும் பண்ணலாம்."

ஞானதாஸ் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஜெனிபர் நோட்டைப் பார்த்துக் கட்டளையை அடித்தாள். திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. "முடிஞ்சுதுண்ணே. ஒருதடவ வெளிய போயிட்டு உள்ள வாங்க."

ஞானதாஸ் எழுந்து அறைக்கு வெளியே போய்விட்டு உள்ளே வந்தார்.

"ஐயோ, நீங்க இல்லண்ணே! கம்ப்யூட்டர்ல லாகவுட் பண்ணிட்டுத் திரும்ப உள்ள வரணும்."

அவர் ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்து உள்ளே வந்தார். சூளையின் சூட்டைக் காட்டும் பெட்டி காலியாக இருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: பர்மிஷன் டினைடு.

ஜெனிபருக்கு வியர்த்தது. உள்ளே நானூறு இன்சுலேட்டர்கள் வெந்துகொண்டிருக்கின்றன. சூடு சீராக ஏறாமல் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் அத்தனையும் விரிசல் விடும். இருந்த பர்மிஷனும் அல்லவா போய்விட்டது!

"மேடம், என் பர்மிஷன் ஆச்சுங்களா?"

"அஞ்சே நிமிஷம்ணே! சூளைப் பக்கத்துல பழைய மீட்டர் இருக்குதுல்ல, அது முன்னாடி போய் நில்லுங்க. சூடு எவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நகரவே கூடாது."

ஞானதாஸ் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். வாய் திறக்காமல் போனார். கோபம் போலிருக்கிறது என்று ஜெனிபருக்கு இன்னும் பதற்றம் கூடியது.

அவர் சூட்டைக் கத்திச் சொல்லவும் இல்லை. ஒரு சின்னக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி ஜன்னல் வழியே தூக்கிக் காட்டினார்: 1110.

எந்தெந்த வேலையை யார் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கும் கோப்பில் ஞானதாஸ் பெயரில் ஒரு வரி சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஜெனிபர் நினைத்தாள். அதைத் திறப்பதற்கென்று தனிக் கட்டளை உண்டு. தப்பு இருந்தால் அதுவே சொல்லிவிடும். பதற்றத்தில் அது மறந்துபோய், கோப்பை நேராகத் திறந்து எழுதி, சேமித்தாள். எழுதிய வரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது.

அதைத் திருத்தலாம் என்று மறுபடி சூடோ அடித்தாள். கோப்பில் பிழை, யாரையும் அனுமதிக்க முடியாது என்று வந்தது. அந்த 'யாரும்'-இல் அவளும் அடக்கம். இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்கு நிர்வாகி என்று ஒரு ஆளே இல்லை.

பலகை உயர்ந்தது: 1125.

போனில் கௌரிசங்கரைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"முதல் கட்டளையில மைனஸ் ஏ போட்டீங்களா?"

"எந்த ஏ?"

கௌரிசங்கர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அது போடலன்னா, புதுக் குழுவுல சேத்துட்டு பழைய குழுவுல இருந்தெல்லாம் ஆளத் தூக்கிடும்மா. சூட்டப் படிக்கிற குழுவும் அதுல போச்சு. சரி, அழாதீங்க. மெஷின நிறுத்திட்டு ரெக்கவரி மோடுல போடுங்க."

"அழலீங்க," என்றாள் ஜெனிபர், மூக்கை உறிஞ்சியபடி.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. கௌரிசங்கர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தாள். ஜன்னலில் பலகை ஏறிக்கொண்டே போனது: 1140, 1155, 1170. இதற்குள் பக்கத்து ஊர் வேப்பூர் வரை போய் வந்திருக்கலாம். மணி பதினொன்று ஐந்தாகியிருந்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் எழுந்தது. சூட்டுப் பெட்டியில் எண் மின்னியது: 1180. பலகையிலும் 1180. சூளை தன்பாட்டுக்கு ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஒரு இன்சுலேட்டருக்கும் சேதமில்லை.

"ஞானதாஸண்ணே!" ஜெனிபர் ஓடினாள். "வாங்க! அஞ்சு நிமிஷம் லேட்டு, மன்னிச்சிடுங்க. ஆனா இப்ப உங்களுக்கு எல்லா பர்மிஷனும் இருக்குது. இந்த மெஷினையே அழிக்கணும்னாக்கூட அழிக்கலாம்!"

ஞானதாஸ் பலகையைக் கீழே வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் மூடிக்கொண்டார். பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் ஜெனிபர்.

அப்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் தேவநாதன் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா மேடம், பல்லு புடுங்கிட்டு வரேன்னு ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டாரு மனுஷன், அந்தச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட இம்மாம் நேரமா?"