எல்லோரும் பார்த்த கோப்பு

"நூத்திப்பதினாறுக்கு அப்புறம் நூத்திப்பதினெட்டுதான் இருக்கு அமோத்தி. நடுவுல ஒரு விரல் வைக்கக்கூட எடமில்ல," என்றாள் பதிவறை உதவியாளர் குனிஹிரா.

பகோன்சா மேசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதே கால்தான் ஆகியிருந்தது. அதற்குள் வாரமே முடிந்து தொலைந்தால் தேவலை என்பது போல இருந்தது அவர் முகம்.

"நல்லாப் பாரு."

"மூணு தரம் பார்த்தாச்சு. ஏணி போட்டும் பார்த்தாச்சு. இனிமே ஏணிக்கு அடியிலதான் பார்க்கணும்."

"அது யாரு ஃபைலுன்னு தெரியுமில்ல?"

"உங்க ஃபைலு. அதனாலதான் மெதுவாச் சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் ஒருவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ வழக்கு என்று அர்த்தம். ஆளுக்கொரு செல்லப்பெயர் உண்டு, பகோன்சாவுக்கு அமோத்தி. ருக்கோமா மாவட்ட அலுவலகத்தின் பதிவறைக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் காவல் தெய்வம். வாசலில் தன் கையாலேயே எழுதி ஒரு பலகை மாட்டியிருந்தார்: "இங்கே எந்தக் கோப்பும் தொலைவதில்லை." படித்துவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போனவர்கள் குறைவு. ஆனால் அவருக்கு அதில் விளையாட்டே கிடையாது.

விஷயம் இதுதான். தலைநகர் கம்பாலாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. வியாழக்கிழமை ஒரு குழு வருகிறது. பதிவறை வேலையை முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் அந்த நாற்காலியில் தொடரலாம். மற்றவர்களுக்கு 'வேறு பொருத்தமான பணி'. ருக்கோமாவில் காலியாக இருந்த ஒரே பொருத்தமான பணி, ஆட்டுச் சந்தை வாசலில் நின்று சீட்டுக் கிழிப்பது. ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலியோடு, ஆடுகளுக்கு நடுவில்.

பகோன்சா படிக்காதவர் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு கம்பாலாவில் ஒன்பது மாதம் உட்கார்ந்து படித்தார். சான்றிதழும் வாங்கினார். வாங்கிய மறுநாளே அசலைத் தன் பணிக்கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார். "வீட்டுல ஒரு நகல் வச்சுக்கங்களேன்," என்று அவர் மனைவி சொன்னபோது, "ரெக்கார்டு ரூமை நம்பாதவன்தான் வீட்டுல நகல் வைப்பான்," என்றாராம். அந்த அம்மா இதை இப்போது தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தன் கோப்பைத் தானே தொடக்கூடாது என்பது விதி. பகோன்சா அதைப் பன்னிரண்டு வருஷமாக மீறவில்லை.

"கடைசியா யாரு எடுத்துட்டுப் போனா?" என்று கேட்டார்.

"நான் வந்து மூணு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட உங்க ஃபைலைக் கேட்டதில்ல."

பயிற்சி நிலையத்துக்கே போன் போட்டார். நல்ல மரியாதையான குரல் எடுத்தது. வருஷத்தைக் கேட்டது. காத்திருக்கச் சொன்னது. பிறகு, "அந்த வருஷத்து ரெக்கார்டை மட்டும் காணோம் சார். இடம் மாத்தினப்போ எங்கயோ போயிருச்சு," என்றது. பதிவேடுகளைப் பாதுகாக்கச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. பகோன்சாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

பதினோரு மணிக்கு முதன்மை அதிகாரி கபாசிங்கா அம்மாவிடமிருந்து அழைப்பு.

"அமோத்தி, உங்க ஃபைலை மேல அனுப்புங்க. குழுவுக்கு முன்னாடி நான் ஒரு பார்வை பார்த்துடறேன்."

காணோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்தக் கோப்பையே காப்பாற்றத் தெரியாதவனுக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்டுவிட்டால்?

"வெளியில போயிருக்கும்மா."

"யார்கிட்ட?"

பகோன்சாவின் கண் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்தில் விழுந்தது. பொறியாளர் ருசோக்கேவின் மேசை அங்கே. அதன் மேல் குவிந்திருந்த காகிதத்தில் ஒரு கன்றுக்குட்டியை ஒளித்து வைத்தாலும் யாருக்கும் தெரியாது.

"இன்ஜினியர்கிட்ட," என்றார்.

போனை வைத்ததும் குனிஹிரா ஓர் அட்டையை நீட்டினாள். கோப்பு வெளியே போனால் அதன் இடத்தில் வைக்கிற அட்டை. "பொய் சொன்னாலும் முறைப்படி சொல்லணுமில்ல. எழுதுங்க."

எழுதினார். அந்த அட்டையை 116-க்கும் 118-க்கும் நடுவில் குனிஹிரா செருகி வைத்தாள். பார்க்கக் கச்சிதமாக இருந்தது.

ருசோக்கே "என்கிட்ட வரவே இல்லையே" என்று சத்தம் போடுவார், அதற்குள் ஒரு நாள் கிடைக்கும் என்பது பகோன்சாவின் கணக்கு. நடந்தது வேறு. போன மழைக்காலத்தில் ஒரு பாலத்தின் கோப்பையே தொலைத்து எச்சரிக்கை வாங்கியவர் ருசோக்கே. அதனால் கபாசிங்கா அம்மா கேட்டதும் கண்ணைச் சிமிட்டாமல் சொல்லிவிட்டார்:

"ஆமாம்மா, வந்துச்சு. பார்த்துட்டு அன்னைக்கே கால்நடைக்கு அனுப்பிட்டேன்."

மறுநாள் காலை பகோன்சா படியேறிப் போய் அவரைப் பிடித்தார்.

"நிஜமாவே வந்துச்சா?"

"என்ன அமோத்தி இது. நீங்கதானே அனுப்பினீங்க. பச்சை அட்டை போட்ட ஃபைலு."

பணிக்கோப்புக்கு அட்டை பழுப்பு நிறம். ஆனாலும் பகோன்சாவின் மனசுக்குள் சின்னதாக ஒரு சந்தேகம். ஒருவேளை நிஜமாகவே வந்திருக்குமோ? கால்நடை மருத்துவர் அசாபாவைத் தேடிக் கிளம்பினார்.

அசாபா கோழிகளுக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃபைலா? ரெண்டு நாள் என்கிட்டதான் இருந்துச்சு. குறிப்புகூட எழுதினேன்."

"என்னைப் பத்தி நீங்க என்ன குறிப்பு எழுதினீங்க?"

"ஆட்சேபணை இல்லைன்னு."

"எதுக்கு?"

அசாபா கொஞ்சம் யோசித்தார். "அதை ஃபைலைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். கல்வி அதிகாரிகிட்டப் போயிருக்கு பாருங்க."

கல்வி அதிகாரி பியெங்யாவோ இன்னும் ஒரு படி மேலே போனார். "கனமான ஃபைலு. முழுசும் படிச்சேன். உங்க வாழ்க்கையில இவ்வளவு நடந்திருக்கா அமோத்தி," என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

பகோன்சா பதிவறைக்குத் திரும்பி நாற்காலியில் விழுந்தார். "குனிஹிரா, அந்த ஃபைலு எங்கயோ இருக்கு. எல்லாரும் பார்த்திருக்காங்க."

"அமோத்தி, அது இன்ஜினியர்கிட்ட போச்சுன்னு நேத்து நீங்கதான் கட்டி விட்டீங்க."

"தெரியும். ஆனா எல்லாரும் பார்த்திருக்காங்களே."

செவ்வாய் சாயங்காலம் அவருக்குப் பாடத்தில் படித்தது ஒன்று ஞாபகம் வந்தது. அசல் கிடைக்காவிட்டால் தற்காலிகக் கோப்பு திறக்கலாம்; அசலைக் கையாண்டவர்கள் தாங்கள் எழுதியதன் நகலைக் கொடுக்கவேண்டும். உடனே சுற்றறிக்கை அனுப்பினார். எவனாவது ஒருவன் 'சான்றிதழைப் பார்த்தேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அதையே சாட்சியாக வைத்துக் குழுவைச் சமாளித்துவிடலாம்.

புதன்கிழமை மதியத்துக்குள் முப்பத்தொரு தாள் வந்து சேர்ந்தது.

பகோன்சாவின் விடுப்பைப் பரிந்துரைத்து ருசோக்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பகோன்சா விடுப்பே கேட்டதில்லை. அசாபா ஆட்சேபணை இல்லை என்று மூன்று வேறு தேதியில் எழுதியிருந்தார். பியெங்யா ஒரு ஒழுங்கு நடவடிக்கையை மன்னித்திருந்தார். பதிவறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மீன்வளத்துறைக்காரர்கூட, கேட்டுவிட்டார்களே, கொடுக்காமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று, 'கண்டேன், திருப்பினேன்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். யாருமே பார்க்காத கோப்புக்கு, இந்த ஊரில் எந்தக் கோப்புக்கும் கிடைக்காத கவனிப்பு.

கபாசிங்கா அம்மா முப்பத்தொன்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பகோன்சா."

முழுப்பெயர்.

"ஒன்பது அதிகாரிங்க உங்க ஃபைலைப் பார்த்திருக்காங்க. ஒருத்தர் ஆதியிலிருந்து அந்தம் வரைக்கும் படிச்சிருக்கார். சான்றிதழைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதலையே."

"அது உள்ளேதாம்மா இருந்துச்சு."

"ஒன்பது பேரு கண்ணுக்குமா படல? இல்லாத சான்றிதழை இருக்குன்னு இத்தனை வருஷம் சொல்லியிருக்கீங்கன்னுதான் நான் எழுதவேண்டி வரும். நாளைக்குக் குழு கேட்கும், பதில் வச்சுக்கங்க."

பகோன்சா வாயைத் திறந்தார். இந்த ஒன்பது பேரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவேண்டுமானால், முதல் பொய் யாருடையது என்றும் சொல்லவேண்டும். படியிறங்கிப் போனார்.

அன்றைக்கு வீட்டில் வாழைக்காய்க் களியும் நிலக்கடலைக் குழம்பும். பகோன்சா தட்டைத் தள்ளிவிட்டார்.

"ஆட்டுச் சந்தையில நிழலு இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார்.

"மாமரம் ஒண்ணு இருக்கு. ஆனா அங்க ஆடுங்க நிக்கும்," என்றாள் அவள்.

வியாழக்கிழமை கூட்ட அறையில் ஒன்பது அதிகாரிகளும் சுத்தமான சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பாலாவிலிருந்து வந்திருந்தவர் நகிம்பே என்ற அம்மாள். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். முப்பத்தொரு தாளையும் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"சான்றிதழை விடுங்க. படிச்சவர்தானான்னு நானே தெரிஞ்சுக்கறேன். ஒரு ஃபைலு எப்போ பொறக்குது?"

"முதல் தாளுக்கு எண் போடும்போதும்மா."

"எப்போ ஓய்வெடுக்குது?"

"வேலை முடிஞ்சு அலமாரிக்குத் திரும்பும்போது."

"எப்போ சாகுது?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய வகுப்பறையே பகோன்சாவின் முகத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக முதுகு நிமிர்ந்தது. "கடைசித் தாள் சேர்ந்து அஞ்சு வருஷம் சும்மா கிடந்தா. அப்புறம் அதுக்கு எடம் அடைச்சுக்க உரிமை இல்லம்மா."

நகிம்பே அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

"வாய்ச்சொல்லை வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. அந்தத் தாள் வேணும். கடைசியா ஃபைலு யார் கையில இருந்துச்சு?"

அறையில் ஒரு அசைவு. ருசோக்கே அசாபாவைப் பார்த்தார். அசாபா பியெங்யாவைப் பார்த்தார். பியெங்யாவுக்கு அப்புறம் பார்க்க ஆளில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தேநீர் குடிக்கப் போனப்போ கூடவே எடுத்துட்டுப் போனேம்மா. ந்யாங்கோமா மேசையில வச்சேன். அவதான் எடுத்திருக்கணும்."

மற்ற எட்டுப் பேரும் மூச்சு விட்டார்கள். ந்யாங்கோமா கட்டிடத்துக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு வைத்து அலுவலகத்துக்கே தேநீர் போடுகிறவள். பழியைச் சுமத்த அவளைவிடத் தோதான ஆள் யார்?

கூப்பிட்டார்கள். கெட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்தாள். உட்காரச் சொன்னதற்கு, அடுப்பில் பால் இருக்கிறது என்று நின்றுகொண்டாள்.

"பகோன்சாவோட ஃபைலு உன்கிட்ட வந்துச்சாம்மா?" என்று கேட்டார் நகிம்பே அம்மாள்.

"வந்துச்சே," என்றாள் அவள்.

பியெங்யா நாற்காலியில் சாய்ந்தார். தான் சொன்னது உண்மையாகிப் போனதில் அவருக்கே ஆச்சரியம்.

"போன வாரமா?"

"போன வாரமா?" ந்யாங்கோமா ஒன்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பகோன்சாவின் பக்கம் திரும்பினாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி அடுப்பெரிக்க வண்டி வண்டியா பழைய ஃபைலை நீங்கதானே அமோத்தி அனுப்பினீங்க, அதுல ஒண்ணுல உங்க போட்டோவே ஒட்டியிருக்கேன்னு தூக்கிட்டு வந்து 'இதையுமா எரிக்கணும்?'னு கேட்டதுக்கு, தலையைக்கூட நிமிர்த்தாம, 'அஞ்சு வருஷமா ஒரு தாளும் சேரலேன்னா அது செத்த ஃபைலு, ஆளைப் பார்க்காதே தேதியைப் பாரு, எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க'ன்னு சொன்னதும் நீங்கதானே."