கார்லண்டின் பெட்டிக்கு மூன்று நிறம் வந்த விவரம்

ஸ்பைசர் க்ரீக்,
வட கரோலினா.
ஆகஸ்ட் மாதம், அடக்கம் முடிந்த மறு வாரம்.

அன்பு மாப்பிள்ளை ராய்ஸுக்கு,

உன் அக்காள் புருஷன் வெர்லன் எழுதிக்கொண்டது. நானும் லர்லீனும் சுகம். உன் இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி. அரிசோனா வெயிலுக்குப் புண் சீக்கிரம் ஆறிவிடும் என்று உன் அக்கா சொல்கிறாள். இங்கே விடாத மழை. மக்காச்சோளம் பரவாயில்லை, தக்காளிதான் செடியிலேயே அழுகிவிட்டது. மற்றபடி ஊரில் எல்லோரும் சௌக்கியம், உன் அண்ணனைத் தவிர. அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நிற்க. அடக்கத்தில் எடுத்த படத்தை யாரோ உனக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அதைப் பார்த்ததும் நீ லர்லீனைப் போனில் கூப்பிட்டு, "எங்க அண்ணனப் பெட்டியில வச்சீங்களா, சர்க்கஸ் வண்டியில வச்சீங்களா?" என்று கேட்டாய் என்றும் அறிந்தேன். நியாயமான கேள்விதான். லர்லீன் பதில் சொல்லாமல் அழுதுவிட்டபடியால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். படித்து முடித்தபிறகு யாரைத் திட்டுவது என்று நீயே தீர்மானித்துக்கொள். என் பெயரும் அதில் இருக்கும், எனக்குத் தெரியும்.

கார்லண்ட் போனது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டி.வி.யில் கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தபோது. ஒரு கார் சுவரில் மோதியதால், மற்ற வண்டிகள் மெதுவாகப் போகும்படி மஞ்சள் கொடி காட்டியிருந்தார்கள். மஞ்சள் கொடி வந்தால் உன் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வதும், பச்சைக் கொடி வந்ததும் விழித்துக்கொள்வதும் உனக்குத் தெரியாததல்ல. இந்த முறை பச்சை வந்தது, அவன் விழிக்கவில்லை. அவன் மனைவி இர்மா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். அந்த அளவில் நல்ல சாவு. அதற்குப் பிறகு நடந்ததில்தான் நல்லது என்று சொல்ல அதிகம் இல்லை.

உன் அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்திருக்கிறது. ஸ்டாக் கார் பந்தயத்தில் இதுவரை ஓட்டியவர்களிலேயே பெரிய ஆள் எவரோ, அவருடைய காரின் நிறத்தை அவன் சவப்பெட்டிக்குப் பூச வேண்டும். இர்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். அந்தப் பெரிய ஆள் யார் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அதக் கேக்கணுமா, ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவானாம். ஆகவே திங்கட்கிழமை காலை, நாங்கள் எல்லோரும் அவள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் கூடியிருந்தபோது, அவள் வந்து எந்த நிறம் என்று கேட்டாள். அங்கே இருந்தது நான், முடிவெட்டும் ஓடெல் பம்கார்னர், கார்லண்டின் மருமகன் டேட். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் ரிச்சர்ட் பெட்டி ஓட்டின காரின் நீலம் என்றேன். ஓடெல் டேவிட் பியர்சனின் சிவப்பு வெள்ளை என்றான். டேட், டேல் எர்ன்ஹார்ட்டின் கறுப்பு என்றான். பிறகு மூன்று பேருமே, கார்லண்ட் தன் வாயால் தன்னிடம் சொன்னதாகச் சத்தியம் செய்தோம்.

அப்புறம் விவாதம் நடந்தது. நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து இதைக் கேட்டிருக்க மாட்டாய், ஆனால் ஒரு வார்த்தையும் மாறவில்லை. நான் இருநூறு வெற்றி, ஏழு சாம்பியன் பட்டம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அதற்கு மேல் சொல்ல அவசியமில்லை. ஓடெல், அந்த இருநூறை எடுக்க உங்கள் ஆள் ஆயிரத்துக்கும் மேல் பந்தயம் ஓட வேண்டியிருந்தது, பியர்சன் அதில் ஏறக்குறையப் பாதிதான் ஓடி நூற்றைந்து ஜெயித்தார் என்றான். பிறகு வழக்கம்போல டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இருவரும் மோதிக்கொண்ட கதையை எடுத்தான்: ரிச்சர்டின் கார் புல்லில் கிடந்தது, பியர்சன் மட்டும் என்ஜினை அணையவிடாமல் பிடித்து, நொறுங்கின காரை ஊர்ந்தபடி முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோனார். இதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு, ஆனால் அது நீளமானது, யாரும் கடைசிவரை கேட்டதில்லை. டேட், அவன் தலைமுறை அப்படி, கணக்கே பேசவில்லை. "கண்ணாடியில அந்தக் கறுப்புக் காரு தெரிஞ்சா, முன்னாடி போறவனுக்குக் கை நடுங்கும். உங்க ரெண்டு பேரு ஆளுங்களப் பாத்து யாருக்கு நடுங்குச்சு?" என்று கேட்டான். ஏழு பட்டம் அவருக்கும் உண்டு என்பதையும் போகிற போக்கில் சொன்னான்.

இதுவரை பழகினதுதான். எனக்கு வலித்தது வேறு. முடிவெட்ட உட்காரும்போதெல்லாம் கார்லண்ட் பியர்சனைத்தான் சொல்வான் என்று ஓடெல் சொன்னபோது அவன் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. எர்ன்ஹார்ட் இறந்த அன்று கார்லண்ட் டேட்டின் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்று, தபால் பெட்டியில் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் போனார் என்று டேட் சொன்னதும் அப்படித்தான் இருந்தது. ராய்ஸ், நானும் உன் அண்ணனும் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து ஒன்றாகப் பந்தயத்துக்குப் போனவர்கள். ரிச்சர்ட் ஜெயித்தால் அவன் என் தொப்பியைப் பிடுங்கி ஆகாயத்தில் எறிவான். எத்தனை தொப்பி போயிருக்கும். அதெல்லாம் என்ன கணக்கு என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து டேட், உங்கள் ஆள் ஜெயித்ததில் பாதி ஊர்ப்புறத்து மண் தடத்தில் என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். தள்ளினேன் என்று அவன் சொல்வான். அவன் போய் ஓடெல் மேல் சாய்ந்தான். ஓடெல் கையில் சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் இருந்தது. அது எங்கேயாவது விழுந்திருக்கலாம், தரை அவ்வளவு பெரியது. ஆனால் கதவில் மாட்டியிருந்த கார்லண்டின் ஒரே நல்ல கறுப்பு சூட்டின் மேல் விழுந்தது. அடக்கக் கூடத்துக்காரர் டால்பர்ட் எடுத்துப்போவதற்காக இர்மா அன்று காலைதான் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

இர்மா சூட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். "ஆளு ஒருத்தர்தான், பெட்டியும் ஒண்ணுதான். பக்கம் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. மூடியத் தொடாதீங்க, அது என்னோடது."

ஆக, படத்தில் நீ பார்த்தது அதுதான். இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் கறுப்பு, தலைமாடும் கால்மாடும் சிவப்பு வெள்ளை, மூடி வெறும் மரம். அவன் உடுத்திப்போனது என் பழுப்பு சூட். கை கொஞ்சம் நீளம், மற்றபடி பொருந்தியது. நீலத்தைப் பற்றியும் உனக்கு ஒரு விளக்கம் தர வேண்டும். ரிச்சர்டின் நீலம் கடையில் கிடைக்கவில்லை. ஆகவே வராந்தாவுக்கு வாங்கி மீந்திருந்த நீலத்தில் வெள்ளையைக் கலந்தேன். வாளியில் சரியாக இருந்தது. மரத்தில் ஏறியதும் குளியலறைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. டேட் காருக்கு அடிக்கும் பெயிண்டைக் கொண்டுவந்தான், ஓடெல் களஞ்சியத்துக்கு அடிக்கும் பெயிண்டை. மூன்றும் மூன்று ஜாதி. மழை ஈரத்தில் ஒன்றுகூடக் காயவில்லை. புதன்கிழமை சர்ச்சுக்குத் தூக்கும்போது தூக்கினவர்களின் வெள்ளைக் கையுறைகள் பெட்டியோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு கையுறை அப்படியே மண்ணுக்குள் போயிற்று. படத்தில் பெட்டியைப் பிடித்திருக்கும் கை என்று நீ நினைத்தது வெறும் கையுறை.

சர்ச்சில் இன்னொரு சங்கடம். சனங்கள் தாமாகவே நிறம் பார்த்து உட்கார்ந்தார்கள். நீலப் பக்கம் வயசானவர்கள், கறுப்புப் பக்கம் டேட்டின் சேக்காளிகள். பியர்சன் ஆட்களுக்குப் பக்கம் இல்லாததால் அவர்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடைவழியில் நின்றார்கள். தான் உட்கார்ந்த பக்கம் எதிர்க்கட்சியின் நிறம் வந்துவிட்டது என்று ஒரு மனிதர் பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னார். பாஸ்டர் வெண்டெல் மேடையிலிருந்து இறங்கிவந்து, இனி யாராவது அதைத் தொட்டால் அடக்கத்தை நாளைக்குத் தள்ளிவைத்துவிடுவேன் என்றார். சொல்லும்போது பெட்டியின் கறுப்புப் பக்கத்தில் கையை ஊன்றினார். அவருடைய சட்டைக் கை இன்றைக்கும் கறுப்பு.

கல்லறைக்குப் போன ஊர்வலத்தைப் பற்றி நீ வேறு யாரிடமாவது கேள்விப்பட்டால் நம்பாதே, இதுதான் நடந்தது. அமரர் ஊர்திக்குப் பின்னால் முதல் வண்டியாக யார் போவது என்று யாரும் பேசிவைக்கவில்லை. நான் அவனுடைய தங்கை புருஷன், ஆகவே நான் முன்னால் போனேன். டேட்டின் பிக்கப் வண்டி என் வண்டியின் பின்புறத்தை முகர்கிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஆற்றுவளைவில் ஓடெல் எங்கள் இருவருக்கும் உள்பக்கமாகப் புகுந்தான். அதில் திறமை இருந்தது, அதை மறுக்க மாட்டேன். பின்னால் மூன்று வண்டி பாய்ந்துவருவதைக் கண்ணாடியில் பார்த்த டால்பர்ட், என்னவோ ஏதோ என்று பயந்து ஊர்தியை விரட்டினார். அதுவரை பதறாமல் வண்டி ஓட்டிவந்த மனிதர். பாலத்தைத் தாண்டியதும் ஷெரிஃபின் டெபுடி ஒருவன் எல்லோரையும் ஓரங்கட்டி நிறுத்தினான். உள்ளே யார் என்று கேட்டான். கார்லண்ட் என்றதும் தொப்பியைக் கழற்றினான். சன்னல் வழியாகப் பெட்டியை நன்றாகப் பார்த்தான்.

"எல்லாம் சரிங்க, ஜூனியர் ஜான்சன விட்டுட்டீங்களே?" என்றான். "பெட்ரோல் பங்கில பாக்குறப்பெல்லாம் எங்கிட்ட அவரத்தான பெரிய டிரைவருன்னு சொல்வாரு."

நாங்கள் மூன்று பேரும் மழையில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதன்பிறகு கல்லறை வரைக்கும் ஒழுங்காகப் போனோம், டெபுடி முன்னால் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்தபிறகு இர்மா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் சமையலறை வாசலில் போய் நின்றோம். கேட்டது நான்தான். உண்மையில் அவன் யாரை நினைத்தான் என்று கேட்டேன்.

"அவரு ஆளு முகத்தப் பாத்துச் சொல்வாரு, வெர்லன்," என்றாள். "எதிர்ல இருக்கிறவங்க சந்தோஷமாப் போனாப் போதும் அவருக்கு." இன்னொரு தட்டைத் துடைத்துவிட்டு, "மனசாரச் சொன்னது ஒரே ஒரு பேருதான். ராய்ஸ்" என்றாள்.

ஓடெல் நாற்காலி தேடி உட்கார்ந்தான். ராய்ஸ், நீ பந்தயம் ஓட்டின காலத்தில் உன் வண்டிக்கு டயர் மாற்றினவன் உன் அண்ணன், அது எல்லோருக்கும் தெரியும். நீ ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை, அதுவும் எல்லோருக்கும் தெரியும். உன் முன்சக்கரம் கழன்று உருண்டு உனக்கு முன்பே முடிவுக் கோட்டைத் தாண்டிய அந்தப் பந்தயத்தைத்தான் இர்மா சொன்னாள். சக்கரம் போனபிறகும் நிறுத்தாமல் மிச்சச் சுற்றையும் ஓட்டி முடித்தான் பார், அவன்தான் டிரைவர் என்று கார்லண்ட் சொன்னானாம். இதில் எனக்கு உடன்பாடு இல்லை, மாப்பிள்ளை. அன்போடுதான் சொல்கிறேன். ஆனால் அதைக் கேட்டபிறகு என் நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கிவிட்டது. ரிச்சர்டை விட்டு அவன் வேறொரு ஓட்டுநரிடம் போயிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. தம்பியிடம் போனதைத் தாங்கலாம்.

டேட்டும் நானும் கை குலுக்கிக்கொண்டோம். இனி இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். கார்லண்டின் கல்லறைக் கல்லில் உன் பழைய வண்டியின் எண்ணைச் செதுக்குவது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்து, கல் வேலைக்காரரிடம் சொல்லியும் ஆயிற்று. இதை அறிந்தால் உன் கோபம் தணியும் என்று நம்புகிறேன்.

உன் இடுப்பை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். கோலை எடுக்காமல் நடக்காதே. லர்லீன் தன் அன்பையும், தக்காளி இல்லாத வருத்தத்தையும் தெரிவிக்கச் சொன்னாள். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் குறைவில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
வெர்லன் ஆப்ஷர்

பி.கு.: தபாலில் போடும் முன் இர்மாவிடம் ஒரு தடவை படித்துக்காட்டுவது முறை என்று நினைத்து எடுத்துப்போனேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். உன்னைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அவன் சொன்னது நிஜம்தானாம், ஆனால் சொன்ன அன்று உங்கள் அம்மா அதே மேசையில் உட்கார்ந்திருந்தார்களாம். அவள் அதை நேற்றுதான் யோசித்துப் பார்த்திருக்கிறாள். கல் வேலைக்காரரிடம் எண் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அப்படியானால் யாரைத்தான் நினைத்தான் என்று கேட்டேன். அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டின வருஷங்களில், பனி உறைந்த நாட்களில் மலைச்சாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பானாம். "உன்ன மாதிரி வண்டி ஓட்டுற ஆள நான் பாத்ததே இல்ல இர்மா" என்பானாம். அப்போது வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை என்றும் சொன்னாள். அவள் சிரிக்காமல்தான் சொன்னாள், ராய்ஸ். நானும் சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.