சம்பந்தியின் மூக்கு

ஃப்ரீசருக்குள் முதல் பாட்டில் வெடித்தபோது மேக்டா உருளைக்கிழங்கு சாலட் கிளறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வெடித்தபோது கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. மூன்றாவது சத்தத்துக்கு அவள் காத்திருக்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

ஐஸ்கிரீம் டப்பாமேல் வெள்ளை வைன் பனிக்கூழாகக் குவிந்து கிடந்தது. கூழ் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள். வாசலிலேயே விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுப்பதற்காக வாங்கிய நுரைக்கும் வைன் கழுத்தில்லாமல் ஒரு மூலையில் சாய்ந்திருந்தது.

"கர்த்தாவே!" என்றாள் மேக்டா.

பின்வாசலில் கரி பற்றவைத்துக்கொண்டிருந்த தம்பி பேசில், கையில் பீரோடு எட்டிப் பார்த்தான். "என்னக்கா, யாரு துப்பாக்கியால சுட்டது?"

"என் தலையெழுத்துடா. ராத்திரி உள்ள வச்சேன், காலையில எடுக்க மறந்துட்டேன். வெள்ளை மூணும் போச்சு. நுரை வைனும் போச்சு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, முப்பத்தொன்பது டிகிரி வெயிலுக்கு பீர்தான் சரின்னு. கேட்டியா?"

மேக்டா கடிகாரத்தைப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் காலை மணி ஒன்பது. பார்ல் ஊரில் ஒரு மதுக்கடைகூட இன்று திறக்காது. பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தி வந்துவிடுவார். வருகிறவர் லேசுப்பட்ட மனிதரில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கேப் டவுனிலிருந்து மகள் ஷார்லீன் போன் செய்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பின்னால் தள்ளுவண்டிச் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உன்னைப் பாக்கணும்னு ராய்ஸ்டனோட அப்பா அம்மா கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கு வர்றாங்க. எனக்கு ரெண்டு மணி வரைக்கும் ட்யூட்டி. நானும் அவனும் நாலு மணிக்கு வந்துடுவோம்."

"வரட்டும்டி, சந்தோஷம். அவர் என்ன வேலை பாக்குறார்?"

தள்ளுவண்டி கடகடத்தது. நடுநடுவே மகளின் குரல் துண்டு துண்டாக விழுந்தது. "…வைன், பீர்… ஒரே முகர்வு போதும்மா, என்னன்னு புட்டுப்புட்டு வச்சிடுவார்… முப்பது வருஷ அனுபவம்… பெரிய பெரிய ஆளுங்களே அவர் முன்னாடி நடுங்குவாங்க… டிசம்பர் வந்தா அவருக்கு மூச்சு விட நேரம் கிடையாது…" லைன் கட்டாகிவிட்டது.

வைன் பண்ணைகள் சூழ்ந்த பார்லில் இப்படி ஒரு மனிதர் என்றால் அவர் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வைன் போட்டிகளின் நடுவர். பண்ணை முதலாளிகள் கை கட்டி நிற்க, கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் ஒற்றை வார்த்தையில் ஒரு வருஷ உழைப்பைத் தூக்கி நிறுத்துகிறவர், அல்லது கவிழ்க்கிறவர்.

மேக்டா பள்ளி அலுவலகத்தில் கிளார்க். அவளுக்குத் தெரிந்த வைன் இரண்டே வகை: அட்டைப்பெட்டியில் வருவது, திருவிருந்தில் வருவது. சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியின் குழாயைத் திருகி, ஐஸ் கட்டி இரண்டு போட்டுக் குடிப்பாள். அதற்குமேல் அவள் யோசித்ததில்லை.

இப்போது யோசிக்க வேண்டியதாயிற்று. தேவாலயப் பாடகர் குழுவில் சாலமன்ஸைக் கேட்டாள். "பன்றித்தொடை வேக வைக்கிறியா? அப்ப லேசா இனிப்பு தட்டுற வெள்ளை. சிவப்பைக் கண்ணுலகூடக் காட்டாதே" என்றார். மதுக்கடைப் பெண்ணைக் கேட்டாள். "ஆட்டுக்கால் ரோஸ்ட்டும் இருக்கா ஆன்ட்டி? அப்ப சிவப்பு இல்லாம எப்படி? வந்ததும் வாசல்லயே நுரை வைன் ஒரு கிளாஸ் குடுங்க, பண்டிகைன்னா அதான் மரியாதை" என்றாள். மேக்டா எல்லாவற்றையும் வாங்கினாள். பணம் கட்டும்போது அந்தப் பெண் கடைசியாக ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள்: "வெள்ளை சில்லுனு இருக்கணும். சிவப்பு ரூம்ல இருக்கிற சூட்டிலேயே இருக்கணும்."

பாடத்தின் முதல் பாதி ஃப்ரீசருக்குள் கிடந்தது. இரண்டாம் பாதி அடுப்பு மேடையில், ஆறு மணியிலிருந்து பன்றித்தொடை வெந்துகொண்டிருந்த ஓவனுக்குப் பக்கத்தில் நின்றது.

"சிவப்பு ரெண்டு இருக்கு" என்று மேக்டா தன்னைத் தேற்றிக்கொண்டாள். "ரெண்டு போதும்."

அப்போதுதான் சின்னத் தம்பி நெவில் வந்து சேர்ந்தான். வந்தவன் நேராக சிவப்புப் பாட்டிலில் கை வைத்தான், வைத்த வேகத்தில் எடுத்தான். "அய்யோ! என்னக்கா, சுடுது?"

தக்கை பாதி வெளியே வந்திருந்தது. அவன் அதை உருவி, ஒரு வாய் ஊற்றிக் குடித்துவிட்டு, கண்ணை மூடி நின்றான்.

"எப்படிடா இருக்கு?"

"இது வைனா, சூப்பாக்கா?"

மேக்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா முகம் வெளுத்ததைப் பார்த்து நெவிலுக்கு உதவி செய்யத் தோன்றியது. நெவில் உதவி செய்தால் என்ன ஆகும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவளுக்குத் தடுக்கத் தெம்பில்லை. அவன் இரண்டு பாட்டிலையும் கண்ணாடி ஜாடியில் கொட்டினான். பேசிலின் பீர்த் தொட்டியிலிருந்து இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிப் போட்டான். ஐஸ் கரைந்தது. வைன் ஆறியது. கூடவே நிறமும் போய், குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்துபோல ரோஸாக நின்றது.

"நிறம்தானே போச்சு, அதைக் கொண்டுவந்துடலாம்" என்றான் நெவில். மேஜைமேல் பீட்ரூட் சாலட் இருந்தது. நல்ல அடர்த்தியான சிவப்புச் சாறு. மேக்டா "டேய், டேய்!" என்று எழுவதற்குள் அதை வடித்து ஊற்றிவிட்டான்.

நிறம் அற்புதமாகத் திரும்பி வந்தது. நெவில் ஒரு வாய் குடித்துப் பார்த்தான்; வினிகரும் வெங்காயமும் சேர்ந்து வந்திருந்தன.

மூவரும் ஜாடியைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

"என் பொண்ணு வாழ்க்கை போச்சுடா" என்றாள் மேக்டா. "சம்பந்தி வீட்டுல ஒரு வாய் வைன் உருப்படியாக் குடுக்கத் தெரியலன்னு காலம் பூரா பேசுவாங்க. ஷார்லீனோட அப்பா உயிரோட இருந்திருந்தா இப்படி ஆகுமா?"

அதைக் கேட்டதும் பேசிலுக்கு ரோஷம் வந்தது. "ஏன், நான் செத்தா போயிட்டேன்? அந்தப் பெட்டி வைன் எங்கே?"

"பெட்டியவா? அவருக்கா?"

"பெட்டின்னு யார் சொல்லப் போறா?"

போன புத்தாண்டில் காலியான நுரை வைன் பாட்டில் ஒன்று வரவேற்பறையில் பிளாஸ்டிக் ரோஜா வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ரோஜாவை எடுத்தார்கள். பாட்டிலைக் கழுவினார்கள். பெட்டியின் குழாயைத் திருகி முக்கால்வாசி நிரப்பினார்கள். நுரை இல்லையே என்று மேக்டா புலம்ப, பேசில் தன் கையிலிருந்த பீரை மிச்சத்துக்கு மளமளவென்று ஊற்றினான். நுரை பொங்கி வழிந்தது.

"பாத்தியா? இதுக்குத்தான் முதல்லேர்ந்து பீர் பீர்னு கத்துறேன்."

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். கொர்னீலியஸ் ஆரென்ட்ஸே உயரமானவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கத்தரித்த மீசை. நிமிர்ந்து நிற்கும் நிற்பிலேயே எதிரில் இருப்பவருக்கு ஏதோ தப்பு செய்துவிட்ட உணர்ச்சி வரும். அவருடைய மூக்கு மேக்டா நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. மனைவி ட்ருசிலா உருண்டையான, சிரித்த முகம். உள்ளே நுழைந்ததுமே, "எனக்கு ஜிஞ்சர் பீர் போதும் சம்பந்தி, வீட்டுல செஞ்சதுதானே? அதுதான் கிறிஸ்துமஸ்!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மேக்டா அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றார் ஆரென்ட்ஸே. "மூணு மணிக்கு வேலை இருக்கு."

"கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூடவா?"

"இன்னிக்குத்தான் வேலையே அதிகம்."

"போட்டிக்கு முன்னாடி நடுவருங்க நாக்குல எதையும் வைக்க மாட்டாங்க" என்று நெவில் அக்காவின் காதில் சொன்னான். மேக்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குடிக்கவே மாட்டார்! அவள் மனசுக்குள் தோத்திரம் சொன்னாள்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள். பேசிலால் விட முடியவில்லை. ஒரு கிளாஸ் ஊற்றி மடக்கென்று குடித்தான். சம்பந்தி பக்கம் சாய்ந்து, "ஆஹா! என்ன நுரை! என்ன வாசனை! நீங்க குடுத்து வைக்கலையே!" என்றான்.

ஆரென்ட்ஸேயின் மூக்கு லேசாக விரிந்தது.

"பெட்டி வைன்" என்றார்.

பேசில் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"வெள்ளை. அதுல பீர் கலந்திருக்கு. இதுக்கு முன்னாடி, காலையில, தனியா நாலு பீர்."

மேக்டாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உடைந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஆரென்ட்ஸேயின் முன்னால் கவிழ்த்து வைத்தபடியே இருந்த சுத்தமான கிளாஸைப் பார்த்தார்கள்.

"கிளாஸைத் தொடக்கூட இல்லையே!" என்று முனகினான் பேசில். பிறகு விரல் விட்டு எண்ணினான். "கர்த்தாவே. நாலேதான்."

மேக்டா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னாள். ஃப்ரீசர், ஓவன், ஐஸ், பிளாஸ்டிக் ரோஜா. "என்னை என்ன வேணா நினைச்சுக்கங்க. என் பொண்ணை மட்டும் குறைவா நினைச்சிடாதீங்க."

ட்ருசிலா முந்தானை இல்லாத குறைக்கு மேஜைவிரிப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. "எங்களுக்காகவா இவ்வளவும்? பாவி மனுஷி, தண்ணி குடுத்திருந்தாலும் குடிச்சிருப்போமே!"

ஆரென்ட்ஸேகூட மீசைக்குள் சிரித்தார். "டிசம்பர்ல நான் இதைவிட மோசமானதெல்லாம் மோந்திருக்கேன்மா. விடுங்க. பன்றித்தொடை வாசனை ஊரைத் தூக்குது, எடுத்து வைங்க."

மேக்டா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறி வெட்டப் போனாள். நெவில் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரென்ட்ஸேயின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தான். "எனக்கு? எனக்குச் சொல்லுங்க!"

ஆரென்ட்ஸே முகர்ந்தார். புருவம் ஏறியது. இன்னொரு தரம் முகர்ந்தார்.

"சிவப்பு… சூடு பண்ணினது… வினிகர்…" அவர் பின்னால் சாய்ந்தார். "வெங்காயமா? பீட்ரூட்டா? என்னய்யா இது? முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் மோந்ததே இல்லை!"

நெவில் பரிசு வாங்கியவன்போல எழுந்து நின்று வணங்கினான். சாப்பாடு முடியும்வரை இரண்டு தம்பிகளும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்துவிட்டு வந்து வாயைக் காட்டுவதும், அவர் சொல்வதும், மேஜை தட்டுவதுமாக ஒரே அமர்க்களம். ஒரு தடவைகூட அவர் தவறவில்லை. மேக்டாவுக்கு இப்படி ஒரு கிறிஸ்துமஸ் புருஷன் போன பிறகு வந்ததில்லை.

இரண்டரை மணிக்கு ஆரென்ட்ஸே எழுந்தார். ட்ருசிலா இங்கேயே இருப்பதாகவும், வேலை முடிந்ததும் அவர் திரும்பி வந்து அழைத்துப்போவதாகவும் ஏற்பாடு. வாசலில் நின்று தம்பிகள் இருவரின் தோளிலும் கை வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு எங்கேயும் போகாதீங்க. நல்லா சாப்பிட்டிருக்கீங்க, இங்கேயே படுத்துத் தூங்குங்க. சரியா?"

அவருடைய கார் தெருமுனை திரும்பும்வரை பேசில் கை அசைத்தான். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு பாசம் பாத்தியாடா! முதலாளிங்களே நடுங்குற மனுஷன். அவருக்கு நாம என்ன மரியாதை செஞ்சோம்? பெட்டி வைன்!"

"பீட்ரூட்" என்றான் நெவில் குற்ற உணர்ச்சியோடு.

பேசில் நெற்றியில் அடித்துக்கொண்டான். "டேய், நான் வேலையை விட்டு நின்னப்போ எங்க வைன் பண்ணையில குடுத்தாங்களே ஒரு பாட்டில்! பன்னெண்டு வருஷமா பீரோவுல படுத்துக்கிடக்கு. அதை அவர் மூக்குக்குக் காட்டலைன்னா நான் மனுஷனா?"

"அவர்தான் எங்கேயும் போகாதீங்கன்னு சொன்னாரே" என்றாள் மேக்டா.

"அட, ஆத்துப் பாலத்தைத் தாண்டினா என் வீடு. பத்து நிமிஷம். அவர் வேலை முடிஞ்சு திரும்பி வர்றப்ப பாட்டில் மேஜைமேல இருக்கும்." நெவில் அதற்குள் வண்டியில் ஏறியிருந்தான். இருவரும் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டே கிளம்பிப் போனார்கள்.

சமையலறையில் ட்ருசிலா கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் துடைக்க நின்றாள். மேக்டா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக மேக்டாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"தம்பிங்க ரெண்டும் சம்பந்திமேல உசிரையே வச்சுட்டானுங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நல்ல வைன் எடுத்துட்டு வரேன்னு வண்டியக் கிளப்பிட்டானுங்க" என்றாள் சிரித்துக்கொண்டே. "ஆமா, இன்னிக்கு அவருக்கு எந்தப் பண்ணையில போட்டி?"

ட்ருசிலா துடைத்துக்கொண்டிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"போட்டியா? என்ன சம்பந்தி சொல்றீங்க, அவர் டிராஃபிக் போலீஸ்! மூணு மணிலேர்ந்து அந்தப் பாலத்துலதான் நின்னு, வர்ற வண்டியெல்லாம் நிறுத்தி வாயை மோந்து பாக்கப் போறார்!"