செல்லையா மாமா காட்டிய மூன்று விரல்

எதிர்க்கட்சிக்காரரை வாயைத் திறக்கவும் வைத்து, அதே சமயம் ஒரு வார்த்தை பேசவும் விடாமல் செய்யக்கூடிய தொழில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பல் மருத்துவம். அந்த வசதியை நான் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தவறாகப் பயன்படுத்தினேன். அதன் பிறகு ஒரு வாரம் ஆலங்குடி கடைத்தெருவில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். (மூடியும் பயனில்லை. “என்ன டாக்டரம்மா, வெயிலா?” என்று பெயர் சொல்லாத குறையாகக் கேட்டார்கள்.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உரக்கடை மாடியில் கிளினிக் திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கீழே யூரியா மூட்டை இறக்கினால் மேலே என் கண்ணாடிக் கதவு அதிரும். வருகிற நோயாளிகளில் பாதிப்பேர் மூட்டை வாங்க வந்து படி மாறி ஏறியவர்கள்.

எங்கள் அப்பா ஒரு கட்சி. எதிர்வீட்டுச் செல்லையா மாமா இன்னொரு கட்சியின் கிளைச் செயலாளர். (கட்சிப் பெயர்களைச் சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் பல்வலி வருகிறது. நானும் பிழைக்க வேண்டும்.) கண்மாய் நிறைந்தால் எங்கள் ஆட்சியில் தூர்வாரினோம் என்று இருவரும் சொல்வார்கள். வறண்டால், நீ வாரிய லட்சணம்தான் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். புயலில் அவர் தென்னையும் எங்கள் தென்னையும் ஒன்றாகத்தான் சாய்ந்தன. புயலுக்கே இவர் கட்சி காரணம் என்று அவரும், அவர் கட்சி காரணம் என்று இவரும் ஒரு மாதம் பேசினார்கள்.

இவர்களைப் பார்த்து நான் சிரிப்பேன். நான் படித்தவள் அல்லவா? எங்கள் வீட்டுக் குழம்பில் புளி தூக்கலாக இருப்பது போலவே, கட்சியும் நான் பிறந்ததிலிருந்து அங்கே இருந்தது. ஆனால் நானோ ஐந்து வருடம் ஹாஸ்டலில் உட்கார்ந்து யோசித்து, ஆராய்ந்து, கடைசியில் அப்பாவின் கட்சியையே சுயமாகத் தேர்ந்தெடுத்ததாக நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தப்பான கட்சியில் இருப்பதற்கு ஒரே காரணம், அவர்களுக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லாததுதான் என்றும் நம்பினேன். அந்தக் குறையைப் போக்க, நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் எங்கள் கட்சிப் பத்திரிகையை மட்டும் போட்டு வைத்தேன். பல்வலியோடு வருகிறவர் எதைக் கொடுத்தாலும் படிப்பார்.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு காலை பத்து மணிக்கு, செல்லையா மாமா வீங்கிய கன்னத்தோடு படியேறி வந்தார். பின்னால் அவர் மனைவி சரசு அத்தை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தைப்பேட்டையில் மாமா பேச வேண்டிய கூட்டம்.

“வாங்க மாமா, எப்ப இருந்து வலி?” என்றேன்.

“நேத்துலருந்துத்தா. ஒங்கப்பன் கட்சி போட்ட ரோட்டுல பைக்குல வந்தேன் பாரு, ஆடுன ஆட்டத்துல இன்னும் ரெண்டு மடங்காயிருச்சு” என்றார். நாற்காலியில் சாய்ந்தபடியே என் பத்திரிகையை எடுத்து அத்தையிடம் கொடுத்து, “இதை மடிச்சு வை. வெத்தலை துப்ப ஆகும்” என்றார்.

எக்ஸ்ரே எடுத்தேன். கீழ் வரிசையில் வலது பக்கம், கடைசியிலிருந்து இரண்டாவது பல் வேர்வரை கெட்டுப்போயிருந்தது. அதைப் பிடுங்கியாக வேண்டும். அதற்கடுத்த மூன்றாவது பல்லில் சின்னச் சொத்தை, அடைத்தால் போதும். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். அத்தோடு அதைப் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் ரோடு பற்றி அவர் சொன்னது எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டேன். வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையை வைத்தேன். மருந்து வேலை செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் என்னைக் கெடுத்தது.

“அந்த ரோட்டுக்கு டெண்டர் விட்டது யாரு மாமா? ஒங்க ஆளுங்கதானே?”

“ஆ… ஆ…”

“அப்ப ஒத்துக்கிறீங்க. தென்னை நிவாரணம் யாருக்கெல்லாம் போச்சுன்னு லிஸ்ட் இருக்கு, காட்டவா?”

“ஆஆ!” தலையைத் தூக்கப் பார்த்தார். நான் நெற்றியைப் பிடித்து மெல்லச் சாய்த்தேன். (அதையும் சிகிச்சை என்றுதான் சொல்லவேண்டும்.)

என் உதவியாளர் மல்லிகா அக்கா, “டாக்டர், மரத்திருக்கும்” என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் காது கேட்கவில்லை. எதிர்த்துப் பேச ஆளில்லாத மேடை எல்லோருக்கும் கிடைக்குமா?

“இங்க ரெண்டு தடவை ஜெயிச்சீங்களே, என்ன கிழிச்சீங்க மாமா? சரி, அதை விடுங்க. கடைசியிலருந்து எத்தனாவது பல்லு?” என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

மாமா கண்களை உருட்டிக்கொண்டு, கையை உயர்த்தி, மூன்று விரலைக் காட்டினார்.

மூன்றாவது பல். இடுக்கியை வைத்தேன். அசையவில்லை. இழுத்தேன், திருப்பினேன், காலை ஊன்றிக்கொண்டேன். கெட்ட பல் இவ்வளவு உறுதியாக நிற்காதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, ‘அந்தக் கட்சிக்காரர் பல் இல்லையா, இடத்தை விட்டு லேசில் இறங்காது’ என்பதுதான். கடைசியில் வந்துவிட்டது. வெற்றியோடு தட்டில் போட்டேன்.

மல்லிகா அக்கா தட்டைப் பார்த்தார். பிறகு வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார். “டாக்டர், இது அது இல்ல போலருக்கே” என்றார்.

அந்தப் பல்லின் வேர் முத்துப்போல இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“நீங்கதானே மாமா மூணுன்னு காட்டுனீங்க!”

மாமா பஞ்சைத் துப்பினார். “ஆன் ஊணாவு ஆட்டியும் ஆங்கஆன்னு ஒன்னேன்!”

எனக்குப் புரியவில்லை. சரசு அத்தை மொழிபெயர்த்தார்: “மூணாவது வாட்டியும் நாங்கதான் ஜெயிப்போம்னு சொன்னாராம்.”

அதற்கப்புறமும் எங்கள் இருவருக்கும் புத்தி வரவில்லை. ஒங்க கட்சியே இப்படித்தான், நல்லதைப் பிடுங்கிட்டுக் கெட்டதை விட்டுவைப்பீங்க என்று மாமா சொன்னார் (அத்தை வழியாக). இருபது வருசமா பராமரிக்காம விட்டது ஒங்க கட்சி, பழி மட்டும் எங்க மேலயா என்றேன் நான்.

“கட்சியா பல்லு வெளக்குச்சு? இவருதான் வெளக்கல” என்றார் அத்தை. அன்று அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை அது. நாங்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மதியத்துக்குள் செய்தி பரவியது. ‘மாற்றுக் கட்சியினரின் பல்லைப் பிடுங்கும் அராஜகம்’ என்று அவர் கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். எங்கள் பக்கம் இன்னும் மோசம். எங்கள் கட்சிக்காரர்கள் ஐந்து பேர் சால்வையோடு வந்துவிட்டார்கள். “ஒண்ணோட விட்டுட்டியேம்மா!” என்று ஒருவர் வருத்தப்பட்டார். பல்லைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ வேண்டுமாம்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். “தப்பு என்னுதுதான்ப்பா. படத்தைப் பாக்காம பிடுங்கிட்டேன்” என்றேன்.

“தப்புன்னு வெளிய சொல்லிறாதம்மா. தேர்தல் முடியட்டும்” என்றார் அப்பா.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. ‘நோயாளி தவறான சைகை காட்டியதால்’ என்று தொடங்கி ஒரு அறிக்கையே போனில் தட்டிவைத்திருந்தேன். நாலு மாதக் கிளினிக். பல் மாற்றிப் பிடுங்குகிறவள் என்று பெயர் வந்தால் அப்புறம் உரமூட்டை வாங்க வருகிறவர்கள்கூடப் படியேற மாட்டார்கள்.

மூன்றரை மணிக்கு ஊசியின் மரப்பு விட்டது. கெட்ட பல் இன்னும் உள்ளேயே இருந்ததால், மாமா உயிர்போகிற வலியோடு திரும்பி வந்தார். தன் கட்சிக்காரர்கள் பார்த்துவிடக் கூடாதென்று உரக்கடைக்குள் நுழைந்து, மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, பின்படி வழியாக. சட்டை முழுக்க வேப்பம்புண்ணாக்குத் தூள். நான் சால்வைக்காரர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

நாற்காலியில் சாய்ந்தவரின் கண்ணில் தண்ணீர். காலையில் புயலுக்கும் ரோட்டுக்கும் பதில் சொல்லவேண்டியவராகத் தெரிந்த ஆள், இப்போது வலிக்கிற ஒரு மனிதராக மட்டும் தெரிந்தார். ரப்பர் கட்டையை வைப்பதற்கு முன்னால் சொன்னேன்.

“மாமா, தப்பு என்னுது. படம் கண்ணு முன்னாடி இருந்துச்சு. ஒங்கள மடக்குற வேகத்துல திரும்பிப் பாக்கல. மன்னிச்சிருங்க.”

மாமா தோளிலிருந்த புண்ணாக்குத் தூளைத் தட்டிவிட்டார்.

“நானும் வலிக்குதுன்னு வந்தவன் வலியச் சொல்லியிருக்கணும். வாயில கட்டைய வச்சப்புறமும் ஓட்டுக் கேட்டேன் பாரு” என்றார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஏத்தா, இதை நான் சொன்னேன்னு எங்க ஆளுககிட்டச் சொல்லிறாத.”

இந்தத் தடவை படத்தை மூன்று முறை பார்த்தேன், மல்லிகா அக்காவையும் பார்க்கச் சொன்னேன், பல்லை மாமாவின் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொன்னேன். கெட்ட பல் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

கூட்டம் நடக்காது என்று நினைத்தேன். ஆறரை மணிக்குக் கிளினிக்கைப் பூட்டும்போது சந்தைப்பேட்டை ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் கேட்டது. இரண்டு பல் போனதில் காற்று கலந்து விசிலடித்தது. “அவங்க என் பல்லைப் பிடுங்கலாம், என் சொல்லைப் பிடுங்க முடியுமா?” கைதட்டல் அடங்கவே இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால்தான் நாங்கள் சமாதானம் ஆகியிருந்தோம்! மறுநாள் எங்கள் கூட்டத்தில் ஒருவர், “ரெண்டு பல்லைக் காப்பாத்த முடியாதவரா ஊரைக் காப்பாத்தப்போறாரு?” என்று கேட்டார். அதற்கும் அதே கைதட்டல்.

அந்த இடைவெளிக்கு நானே பல் கட்டிக்கொடுத்தேன். மாமா இன்றுவரை என்னிடம்தான் வருகிறார். எங்கள் வீட்டு விசேஷங்களில் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. அவர் கணக்கில் நான் பிடுங்கிய பற்கள் இப்போது நாலு. மாமா சொல்லும்போது கீழ் வரிசை முழுதும் போய்விடும். போன வருடம் என் மகளின் பள்ளிக்கூடத்தில், அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, “எதிர்க்கட்சிக்காரங்க பல்லைப் பிடுங்குறாங்க மிஸ்” என்று சொல்லியிருக்கிறாள்.

கடைவாய்ப் பல் வலியோடு இருந்த அந்த டீச்சர், எந்தக் கட்சியோ, என் கிளினிக்கைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துக்கொண்டாராம்.