கம்ப்யூட்டருக்கு அஞ்சு கிலோ உப்பு

“…அத்த நான் இல்லன்னு சொல்லல ஜாபரு. நீ விஷயம் தெரிஞ்சவன், நீ சொன்னா கரீட்டாதான் இருக்கும். ஆனா ஒரு கம்ப்யூட்டருக்கு இன்னாத்துக்குப்பா அஞ்சு கிலோ உப்பு?”

கேட்டவர் ரெஜினா அக்கா. கல்லுப்புப் பையோடு அவர் வீட்டு வாசலில் நின்றவன் நான். (விஷயம் தெரிஞ்சவன் என்றது அவருடைய பெருந்தன்மை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கம்ப்யூட்டரைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டேன். திரும்பச் சேர்ப்பதைக் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.)

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எனக்கு கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஷட்டர் அளவுக்குக் கடை. ரெஜினா அக்கா ஐ.டி.ஐ.யில் டிராயிங் படித்தவர். தொழிற்பேட்டைக்குப் பின்னால் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஷெட்டுகளுக்கான இரும்புக் கூரைச் சட்டங்களை வரைந்து கொடுப்பார். பத்து வருடமாக எல்லாமே வேறு யாரோ இன்ஜினியர் பெயரில் போன வரைபடங்கள். அந்த வாரம்தான் முதல்முறையாக ஒரு தொழிற்சாலை அவரையே கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை காலைல முழு டிராயிங்கையும் கொண்டாந்து காட்டும்மா, சரியா இருந்தா இனிமே எல்லாம் உன்கிட்டயே” என்று சொல்லியிருந்தது. அதற்காகத்தான் புதுக் கம்ப்யூட்டர்.

“வேகம் முன்னபின்ன இருந்தாலும் பரவால்ல ஜாபரு, வேலைக்கு நடுவுல நிக்கக்கூடாது” என்று தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் வேகத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

காரணம், அப்போது புது வகை ப்ராசசர் ஒன்று வந்திருந்தது. அதுவரைக்கும் மெமரியைக் கட்டி மேய்க்கும் வேலை மதர்போர்டில் இருக்கும் தனிச் சில்லு ஒன்றுக்கு. புது வகையில் அந்த வேலையை ப்ராசசரே தனக்குள் எடுத்துக்கொண்டது. மாமியாரிடம் இருந்த அடுப்படிச் சாவி மருமகள் கைக்கு வந்த மாதிரி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. வந்த மருமகளுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று விசாரித்திருக்க வேண்டாமா? விசாரிக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், சிவப்புத் தகடு போர்த்திய 1600 வேக மெமரி இரண்டை வாங்கி வந்து மாட்டினேன்.

போர்டு அதைப் பார்த்துவிட்டுத் தானாகவே 1333 என்று காட்டியது. அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். 1600 என்று வாங்கி வந்தவனை நிற்க வைத்து 1333 என்கிறதே! செட்டிங்கில் நுழைந்து என் கையாலேயே 1600 என்று மாற்றினேன். பத்து நிமிடம் மெமரி சோதனை ஓடவிட்டேன். பாஸ். (பத்தே நிமிடம். சோறு வெந்ததா என்று பார்க்கவே அதைவிட நேரம் எடுப்பார்கள்.)

திங்கட்கிழமை அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் பாதியில் நின்று நீலத்திரை வந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் வரைந்தது காற்றோடு போனது.

“இன்னா ஜாபரு, பழசே நல்லா இருந்துச்சே?”

என் மூளை வேலை செய்த அழகைக் கேளுங்கள். கடையில் ஓடுகிறது, இங்கே நிற்கிறது. ஆகவே தப்பு கம்ப்யூட்டர் மேல் இல்லை, இடத்தின் மேல். எங்கள் பக்கம் மிக்சி நின்றாலும் மீன் கெட்டாலும் முதல் குற்றவாளி கரண்ட்தான். அதிலும் அக்கா வீட்டுக்கு எதிரே இரும்பு உருக்கும் தொழிற்சாலை. நோட்டு ஒன்று போட்டு, கம்ப்யூட்டர் நின்ற நேரத்தையெல்லாம் எழுதினேன். காலை 10.20, பிறகு 11.45, மாலை 3.10. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே நேரத்துக்கு எதிர் மதிலுக்குப் பின்னால் புகை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“ஃபர்னஸ் போடுறான்கா! கரண்டை அவன் இழுத்துக்குறான், இங்க மெமரி மயங்கி உழுது.”

“அப்ப என் டியூப்லைட்டு மட்டும் எப்டி ஸ்டெடியா நிக்கிது?”

“அது மட்டமான பொருளுக்கா. அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஸ்டெபிலைசர் வைத்தேன். யு.பி.எஸ். வைத்தேன். நிற்பது நிற்கவே இல்லை. கடைசியில்தான் எர்த் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தேன். தொழிற்சாலைகளில் மிஷினுக்குச் செய்கிற மாதிரியே, வீட்டுக்குப் பின்பக்கம் ஐந்தடிக் குழி வெட்டி, குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. புதன்கிழமை முழுக்க அதே வேலை. அக்கா தண்ணீர் ஊற்றினார். வரைய வேண்டிய கை குடம் தூக்கியது.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு மறுபடி நீலத்திரை.

“தண்ணி பத்தலன்னு நெனைக்கிறேன்கா” என்றேன். (நான்தான் சொன்னேன். மறைப்பானேன்.)

அக்கா என்னைப் பார்த்தார். “ஜாபரு, நாளைக்கு வெள்ளிக்கெழம” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர்த் தொழிற்சாலை கேட்டுக்கு ஓடினேன். அங்கே எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். ஆந்திரா பக்கத்து ஆள், எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“நைனா, ஃபர்னஸ் எத்தினி மணிக்குப் போடுறீங்க? ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்சீங்கன்னா ஒரு பொம்பள பொழப்பு ஓடும்.”

“ஃபர்னஸா? அது நின்னு ஒரு வாரம் ஆவுது பாய். உள்ள பூச்சு வேல நடந்துகினு இருக்குது.”

“அப்ப அந்தப் பொகை?”

“அது கேன்டீனு.” என் நோட்டை வாங்கிப் பார்த்தார். “பத்து இருவதுக்கு டீ. பதினொண்ணே முக்காலுக்குக் கொழம்பு தாளிப்பாங்க. மூணு பத்து பஜ்ஜி. கரீட்டா எழுதிக்கிறியே பாய், நீ இன்னா கான்ட்ராக்ட் எடுக்கப் போறியா?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால், “பஜ்ஜி போடுறாங்களான்னு எட்டிப் பாத்துட்டு வாங்க” என்பாள் என் மனைவி. பிள்ளைகளும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன். கேன்டீன் நேரமும் நீலத்திரை நேரமும் ஒத்துப்போனது ஏன் என்று அக்கா சொல்லித்தான் புரிந்தது. அந்தத் தொழிற்சாலை மணியை வைத்துத்தான் அவரும் எழுந்து டீ குடிப்பார், உலை வைப்பார். எழுந்திருப்பதற்கு முன் முழு டிராயிங்கையும் திறந்து ஒருமுறை திருப்பிப் பார்ப்பது வழக்கம். அப்போதுதான் மெமரி மொத்தமும் நிரம்பும். குட்டு உடையும்.

“அந்த மெமரில இன்னா எழுதிக்கீது?”

“அதெல்லாம் பாத்துட்டேன்கா.”

“கயட்டிக் காட்டு.”

கழற்றினேன். சிவப்புத் தகட்டின் மேல் இருந்தது என் கடை வாரண்டி ஸ்டிக்கர். தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு நானே பெருமையாக ஒட்டியது. அக்கா நகத்தால் அதை மெல்ல உரித்தார். அடியில் பொடி எழுத்தில் 1.9 வோல்ட் என்று இருந்தது. மதர்போர்டோடு வந்த புத்தகத்தை அப்போதுதான் பிரித்தேன். 1.65-க்கு மேல் கொடுத்தால் ப்ராசசருக்கு ஆபத்து என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. போர்டு கொடுத்துக்கொண்டிருந்ததோ 1.5. அரை வயிற்றுச் சோறு போட்டு முழு ஓட்டம் ஓடச் சொல்லியிருக்கிறேன்! வயிறு நிறையப் போட்டால் ப்ராசசர் மருமகளுக்கு ஆகாது.

“அக்கா! இது பழைய வகைக்குச் செஞ்ச மெமரிக்கா!” புதையல் கண்டவன் மாதிரி கத்தினேன்.

“சந்தோசம். நாளைக்கு நான் இன்னாத்த எடுத்துக்கினு போறது?”

நான் மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அக்காவே கேட்டார்: “நீ கைய வெக்கிறதுக்கு மின்ன போர்டு இன்னா சொல்லுச்சு?”

“ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தி மூணு.”

“அத்தயே வை.”

வைத்தேன். அந்த வேகத்துக்கு 1.5 வோல்ட்டே போதுமாக இருந்தது; மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு போனார். முதல் தாளில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அடுத்த ஷெட்டும் அவருக்கே வந்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. புது வகைக்கென்றே செய்த மெமரி ஓடுமா, ஓடாதா? இரண்டு வாரம் கழித்து, 1.65 வோல்ட் போட்ட ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரோடு போய் நின்றேன்.

“அக்கா, இப்ப நிச்சயமா ஆயிரத்து அறுநூறு ஓடும். அஞ்சே நிமிசம்.”

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் குறித்தார். திரையில் புதுத் தாளைத் திறந்து கோடு இழுக்க ஆரம்பித்தார்.

“இன்னாக்கா வரையறீங்க?”

“இரும்புப் பொட்டி. பூட்டு போடுறாப்ல. சாயங்காலம் வெல்டர் வராரு.”

முன்பக்கத்தை முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “காத்து போறதுக்கு எந்தப் பக்கம் ஓட்ட உடணும்? அத்த மட்டும் கரீட்டா சொல்லு” என்றார். நான் சொன்னேன். சொன்ன இடத்திலேயே வரைந்துகொண்டார்.